கட்டைக்கு மையம் காண

கேள்வி: சீமைக்கருவேலக் கட்டையில் பம்பரம் கடைகிறேன். மையம் குறிக்கும் கருவி இங்கே எந்தக் கடையிலும் இல்லை. நானே செய்யலாமா?
– வாசகர், தொண்டி

பதில்: தாராளமாக. நானும் தேவிபட்டினத்தில் கடை கடையாக அலைந்தவன்தான். அப்புறம் பிளைவுட் துண்டில் 90 டிகிரி மூலை வெட்டி, அதைச் சரிபாதியாக, 45 டிகிரியில் பிரிக்கும்படி இரும்பு ஸ்கேலைத் திருகாணியால் முடுக்கினேன். ஸ்கேலின் ஓரம்தான் மூலைமுனையைத் தொட வேண்டும்; நடு அல்ல. முதல் தடவை அங்கேதான் கோட்டை விட்டேன், பம்பரம் தள்ளாடியது. கட்டை இரு பக்கமும் முட்டும்படி மூலைக்குள் அழுத்தி, ஸ்கேலின் அந்த ஓரத்தை ஒட்டி ஒரு கோடு. கால் சுற்றுத் திருப்பி இன்னொன்று. இரு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம் மையம். ஆனால் நம்மூர்ச் சீமைக்கருவேலம் உருண்டையாகவா வளர்கிறது? நாலைந்து கோடு போட்டு, அவை நெருங்கும் இடத்தின் நடுவில் ஆணியால் குத்துங்கள்.