ராத்திரி வியர்வை: மெனோபாஸா, சர்க்கரையா?

கேள்வி: எனக்கு 52 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்து, டமாக்ஸிஃபென் சாப்பிடுகிறேன். சர்க்கரைக்கு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும், பிரஷருக்குத் தனி மாத்திரையும் உண்டு. ராத்திரி இரண்டு மூன்று முறை உடம்பு கொதித்து, துணியெல்லாம் நனைந்துவிடுகிறது. டமாக்ஸிஃபெனை நிறுத்தலாமா? ஹார்மோன் மாத்திரை எடுக்கலாமா?

பதில்: நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். புற்றுநோய் திரும்பாமலிருக்க 5 வருடம், சிலருக்கு 10 வருடம் வரை தரப்படும் மாத்திரை அது.

முதலில் அந்த வியர்வை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். மெனோபாஸ் (மாதவிடாய் நிற்கும் பருவம்) சூடு மார்பிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் ஏறும். சில நிமிடங்களில் அடங்கி, பிறகு குளிரெடுக்கும். சர்க்கரை இறங்கினால் உடம்பு சில்லிட்டு வியர்க்கும், கை நடுங்கும், பசிக்கும். தூக்கக் கலக்கத்தில் இந்த வித்தியாசம் புலப்படாது. அதனால் குளுக்கோமீட்டரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, வியர்த்து விழிக்கும் அந்த நேரத்திலேயே விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இப்படி இறங்குவது அபூர்வம்; கிளிமிபிரைடு இறக்கும். எண்களை நேரத்தோடு குறித்து டாக்டரிடம் காட்டினால் மாத்திரை அளவை மாற்றித் தருவார். பிரஷர் மாத்திரை பீட்டா பிளாக்கர் வகையாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. படபடப்பையும் நடுக்கத்தையும் அது மறைத்துவிடும். வியர்வை மட்டும்தான் மிஞ்சும். அதை மெனோபாஸ் என்று எண்ணித் தாழ்சர்க்கரையைக் கோட்டைவிடுவது உண்மையிலேயே ஆபத்து.

தைராய்டு கூடியிருந்தாலும் இதேபோல வியர்க்கும் என்பதால் டி.எஸ்.எச். பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். காய்ச்சலோ எடைக்குறைவோ சேர்ந்திருந்தால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

ஹார்மோன் மாத்திரை வேண்டாம். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஹாபிட்ஸ் ஆய்வில் நோய் திரும்புவது அதிகமானதால், 2003-ல் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

ஹார்மோன் இல்லாத மருந்துகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்பதை உங்கள் மற்ற நோய்கள்தான் தீர்மானிக்கும். வென்லாஃபாக்ஸின் வழக்கமாக 37.5 மி.கி.யில் ஆரம்பித்து 75-க்கு உயர்த்தப்படும். ஓரிரு வாரத்தில் பலன் தெரியும். ஆனால் பிரஷரை ஏற்றக்கூடியது, ஆகவே உங்கள் பிரஷர் கட்டுக்குள் இருக்க வேண்டும். தொடங்கிய பிறகும் அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல் வரும். ராத்திரித் தொந்தரவே பெரிது என்றால் படுக்கும்போது கேபாபென்டின் 300 மி.கி. நல்ல தேர்வு, தூக்கமும் வரும். இது சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், சர்க்கரை உள்ளவர்கள் கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்த பிறகே அளவை முடிவு செய்ய வேண்டும். இதே சூட்டுக்குத் தரப்படும் இன்னொரு மருந்தான குளோனிடின், பிரஷர் மாத்திரையோடு சேர்ந்து ரத்த அழுத்தத்தை அதிகமாகத் தாழ்த்திவிடலாம்.

பராக்ஸெட்டின், ஃப்ளூவாக்ஸெட்டின், புப்ரோப்பியான் ஆகிய மூன்றும் உங்களுக்கு வேண்டாம். டமாக்ஸிஃபெனை வீரியமுள்ள வடிவமாக மாற்றும் கல்லீரல் நொதியை இவை முடக்குகின்றன. மனச்சோர்வுக்கென்று வேறொரு டாக்டர் எழுதித் தர நேரலாம் என்பதால், எங்கே போனாலும் முழு மாத்திரைப் பட்டியலைக் கையோடு கொண்டுபோங்கள்.

டமாக்ஸிஃபென் எடுக்கும்போது மாதவிடாய் நின்றபின் துளி ரத்தப்போக்கு இருந்தாலும் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: நான் மார்பகப் புற்றுநோய்க்கு லெட்ரோசோல் எடுக்கிறேன். பிறப்புறுப்பில் வறட்சி, எரிச்சல். க்ரீம் போடலாமா?

பதில்: ஹார்மோன் இல்லாத மாய்ஸ்சரைசரை வாரத்தில் 2 அல்லது 3 நாள், உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், படுக்கும்போது உள்ளே தடவுங்கள். முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நான்கு நாளில் கைவிடுவதால்தான் பலருக்கும் பயன் கிடைப்பதில்லை. உறவின்போது வழவழப்புக்குத் தனியாக லூப்ரிகன்ட் வேண்டும். உள்ளே சோப்பு போடாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் க்ரீமைப் புற்றுநோய் மருத்துவர் சொல்லாமல் தொடவே வேண்டாம்: உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுப்பதுதான் லெட்ரோசோலின் வேலை.

கேள்வி: லெட்ரோசோலோடு தைராய்டு மாத்திரையான தைராக்சினும் கால்சியமும் எடுக்கிறேன். மூன்றையும் காலையில் ஒன்றாக விழுங்கலாமா?

பதில்: கூடாது. தைராக்சின் உடலில் சேர்வதைக் கால்சியம் தடுக்கும். இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள். தைராக்சின் காலை வெறும் வயிற்றில், கால்சியம் மதியமோ ராத்திரியோ சாப்பாட்டோடு. லெட்ரோசோலை எந்த நேரத்திலும் எடுக்கலாம், தினமும் அதே நேரமாக இருந்தால் மறக்காது. அது எலும்பைத் தேய்க்கும் என்பதால், எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் இதுவரை எடுக்கவில்லை என்றால் அடுத்த செக்கப்பில் கேளுங்கள்.