வீடியோ டைட்டிலில் தமிழ் எழுத்து ஏன் சிதறுகிறது?

கேரம் போட்டி வீடியோவுக்கு 'கொருக்குப்பேட்டை' என்று டைட்டில் போட்டால், 'பே'யின் இரட்டைக் கொம்பு 'ப'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. நீங்கள் தட்டியதில் தவறில்லை. யூனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொது முறையில், கணினி முதலில் 'ப'வையும் அப்புறம்தான் கொம்பையும் சேமிக்கிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. 'கொ' இன்னும் வம்பு: சேமிப்பில் ஒரே குறி, ஆனால் 'க'வின் இருபக்கமும் பிரிந்து உட்கார வேண்டும். தண்ணீர் லாரியில் பிடித்த குடங்களை சைக்கிளின் இருபக்கமும் மாட்டுகிறோமே, அதுபோல. மாட்டத் தெரியாதவர் இரண்டையும் பின்னாலேயே தொங்கவிட்டால்?

வீடியோ எடிட் செய்யும் மென்பொருள் பிரீமியர் புரோ என்றால் பிரிஃபரன்சஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய், டெக்ஸ்ட் எஞ்சினை 'சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்று மாற்றி, டைட்டிலைப் புதிதாகப் போட்டுப் பாருங்கள். எழுத்து இடைவெளியைப் பூஜ்யத்திலேயே விடுங்கள். ஏற்றினால் கொம்பும் காலும் விலகி நிற்கலாம்.

"பாமினியில் சரியாக வருகிறதே, யூனிகோட் ஃபான்ட்தான் மோசம்" என்பார்கள். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய ஃபான்ட். அதில் கொம்பை நாமே முன்னால் தட்டுகிறோம், அவ்வளவுதான். அப்படித் தட்டியதை வேறு ஃபான்ட்டுக்கு மாற்றினால் அத்தனையும் ஆங்கில எழுத்தாகிவிடும்.