தாழ்ப்பாள் சிக்குது, கைப்பிடி சுத்துது: ஜன்னல் பழுது குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் வீட்டு மர ஜன்னலில் கீழ்த் தாழ்ப்பாள் துளைக்குள் இறங்க மறுக்கிறது. இரண்டு முறை புதுத் தாழ்ப்பாள் மாற்றியும் சில மாதங்களில் அதே கதை. நல்ல கம்பெனித் தாழ்ப்பாளாக எதை வாங்கலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மூன்றாவது தாழ்ப்பாளுக்குச் செலவு செய்யாதீர்கள். தாழ்ப்பாள் நேராக ஓடும் ஒரு கம்பி, அவ்வளவுதான். அது துளையைத் தவறவிடுகிறது என்றால் கதவு இடம் மாறியிருக்கிறது. கதவு இடம் மாறக் காரணம் இரண்டு: கீல் தளர்ந்து கதவு தொங்கியிருக்கும், அல்லது மழைக்கால ஈரத்தில் மரம் ஊதியிருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. முதலில் எது என்று பார்த்துவிடுங்கள்.

ஜன்னலைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்க ஓரத்தைக் கையால் மேலே தூக்குங்கள். கதவு லேசாக மேலும் கீழும் ஆடினால் கீல் தளர்ந்திருக்கிறது. பிறகு மூடிப் பாருங்கள். மேல் கீல் அருகே இடைவெளி அகன்றும், எதிர்ப்பக்கக் கீழ் மூலை நிலையில் உரசியும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், தொங்கல்தான். ஆட்டம் எதுவும் இல்லாமல், ஓரம் முழுக்க மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இறுக்கமாக இருந்தால் மரம் ஊதியிருக்கிறது.

தொங்கல் என்றால் பெரும்பாலும் கீல் நன்றாகவே இருக்கும். திருகாணித் துளைதான் தேய்ந்து அகன்றிருக்கும். கதவின் கீழே மரச் சீவலோ மடித்த அட்டையோ கொடுத்து, கதவைச் சரியான உயரத்துக்குத் தூக்கி நிறுத்துங்கள். மேல் கீலை மட்டும் கழற்றுங்கள். துளைகளில் உள்ள துருவையும் தூளையும் சுரண்டி எடுங்கள். தேக்கு அல்லது மூங்கில் குச்சியைத் துளைக்கு இறுக்கமாக வரும்படி சீவி, ஃபெவிகால் தடவி அடித்து இறக்குங்கள். மழைச் சாரல் படும் ஜன்னலுக்கு ஃபெவிகால் மரைன் வாங்குங்கள், சாதாரணப் பசை ஈரத்தில் விட்டுவிடும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, நீட்டிக்கொண்டிருப்பதை உளியால் மட்டமாக வெட்டுங்கள். பிறகு புதுத் துளை: 8-ஆம் நம்பர் திருகாணிக்கு, மென்மையான மரத்தில் 2.5 மி.மீ., தேக்கு, வேங்கை போன்ற கெட்டி மரத்தில் 3 மி.மீ. பிட். பழைய திருகாணி 25 மி.மீ. நீளம் என்றால் இப்போது 35 மி.மீ. போடுங்கள். நீளத்தைக் கூட்டலாம், தடிமனைக் கூட்டாதீர்கள். தடித்த திருகாணியின் தலை கீலின் குழிக்குள் அமராமல் துருத்தி நிற்கும். ஜன்னல் மூடும்போது அந்தத் தலைகள் ஒன்றோடொன்று இடித்துக் கீலை நெம்பும். சில மாதங்களில் மறுபடி தொங்கல்.

தீக்குச்சி செருகுவது அவசரத்துக்குச் சரி, நிற்காது. எம்-சீல் அடைப்பதும் கீலுக்கு ஏற்றதல்ல. மரை மரநாரைக் கவ்வுவதுபோல் அதைக் கவ்வாது. தினமும் திறந்து மூடும் அதிர்ச்சியில் பொடிந்து உதிரும்.

மரம் ஊதியிருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் இழைப்புளியைத் தொடவே தொடாதீர்கள். மழையில் இழைத்த கதவு கோடையில் சுருங்கி, பல்லி நுழையும் அளவுக்கு இடைவெளி விடும். அதுவரை உரசும் ஓரத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்துச் சமாளியுங்கள். பங்குனி, சித்திரையில் மரம் காய்ந்த பிறகும் உரசினால் மட்டும் இழையுங்கள். கதவுக்கும் நிலைக்கும் இடையே சுற்றிலும் 2 மி.மீ. இடைவெளி போதும். இழைத்த ஓரத்துக்கு அன்றைக்கே பிரைமர் அடியுங்கள். வெறும் மரமாக விட்ட ஓரம்தான், குறிப்பாகக் கதவின் அடிப்பக்கம், அடுத்த மழையில் நீரைக் குடித்து மீண்டும் ஊதும்.

கடைசியாக ஒன்று. நிலையில் உள்ள துளையில் பெயின்டும் தூசியும் அடைத்திருந்தாலும் தாழ்ப்பாள் இறங்காது. ஆணியால் குத்திச் சுத்தம் செய்ய ஒரு நிமிடம்தான் ஆகும். எனவே இதையே முதலில் செய்துவிடுங்கள்.

கேள்வி: கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. கொக்கி, தாழ்ப்பாள் எல்லாம் விரைவில் துருப்பிடிக்கின்றன. 'ஸ்டெயின்லெஸ்' என்று சொல்லி விற்றதும் துருப்பிடித்துவிட்டது. கடைக்காரர் காந்தம் வைத்துக் காட்டித்தான் கொடுத்தார்.
– வாசகர், திருவான்மியூர்

பதில்: காந்தச் சோதனை இங்கே ஏமாற்றும். 304 வகை எஃகு காந்தத்தில் ஒட்டாது என்பது பொதுவாக உண்மை. ஆனால் மலிவான 202 வகையும் ஒட்டாது; உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிப்பது அதுதான். பொருளின் மேல் அல்லது பெட்டியின் மேல் 304 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள், பில்லிலும் எழுதி வாங்குங்கள். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு 316 கிடைத்தால் இன்னும் நல்லது.

தாழ்ப்பாளை நல்லதாக வாங்கிவிட்டு, அதோடு வரும் முலாம் பூசிய இரும்புத் திருகாணியைப் போட்டால் எல்லாம் வீண். முதலில் போவது திருகாணிதான். தேக்கு மரத்தில் இரும்பு பட்ட இடம் கறுத்துக் கறையும் இறங்கும். ஸ்டெயின்லெஸ் தாழ்ப்பாளுக்கு ஸ்டெயின்லெஸ் திருகாணி, பித்தளைக்குப் பித்தளை என்று சேர்த்தே வாங்குங்கள்.

பித்தளைத் திருகாணி மென்மையானது, கெட்டி மரத்தில் நேரடியாக முறுக்கினால் கழுத்தில் ஒடியும். அதே அளவு எஃகுத் திருகாணியை முதலில் ஏற்றி இறக்கி வழி செய்துகொண்டு, பித்தளையின் மரையில் மெழுகோ சோப்போ தடவிக் கையால் முறுக்குங்கள். மெஷின் வேண்டாம். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்தாலே எல்லாப் பொருளின் ஆயுளும் கூடும்.

கேள்வி: யுபிவிசி ஜன்னலின் கைப்பிடி சும்மா சுற்றுகிறது, உள்ளே எதுவும் நகரவில்லை. முழு லாக்கையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பார்க்காமல் சொல்லும் பேச்சு அது. கைப்பிடி சுற்றக் காரணம் கைப்பிடியாகவும் இருக்கலாம், உள்ளே உள்ள கியராகவும் இருக்கலாம்.

கைப்பிடியின் அடித்தகட்டில் ஒரு மூடி இருக்கும். அதை லேசாக இழுத்துத் திருப்பினால், அல்லது கைப்பிடியையே பக்கவாட்டில் திருப்பினால், இரண்டு திருகாணிகள் தெரியும். முதலில் அவற்றை இறுக்கிப் பாருங்கள். சில நேரம் அதோடு வேலை முடிந்துவிடும். முடியவில்லை என்றால் கைப்பிடியைக் கழற்றுங்கள். பின்னால் நீட்டியிருக்கும் சதுரக் கம்பி பெரும்பாலான வகைகளில் 7 மி.மீ., இரு திருகாணித் துளைகளின் இடைவெளி 43 மி.மீ. கம்பியின் முனைகள் மழுங்கியிருக்கிறதா, கைப்பிடிக்குள் ஆடுகிறதா பாருங்கள். பிறகு நல்ல 7 மி.மீ. சதுரக் கம்பி ஒன்றைக் கியரின் துளையில் விட்டு ஸ்பேனரால் திருப்புங்கள். கதவு ஓரத்தில் உள்ள லாக் பட்டை மேலும் கீழும் நகர்ந்தால் கியர் நன்றாக இருக்கிறது, கைப்பிடி மட்டும் வாங்கினால் போதும். நகரவில்லை என்றால் கியர் போய்விட்டது. இந்தச் சோதனையை ஜன்னல் திறந்திருக்கும்போது செய்யுங்கள். பூட்டிய நிலையில் கைப்பிடி சுற்ற ஆரம்பித்துவிட்டாலும், இதே கம்பியை விட்டுத் திருப்பித் திறக்கலாம்.

கடைக்குப் போகும்போது பழைய கைப்பிடியைக் கையோடு கொண்டு போங்கள். சதுரக் கம்பி எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்பது முக்கியம். குட்டையானது கியரைப் பிடிக்காது. நீளமானது கைப்பிடியைச் சட்டத்தில் ஒட்டவிடாது, அதையாவது ரம்பத்தால் அறுத்துக்கொள்ளலாம். சில கைப்பிடிகளில் சதுரக் கம்பிக்குப் பதில் இரட்டை நாக்கு இருக்கும். அவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மாதிரி காட்டாமல் வாங்கவே முடியாது. கியர் மாற்றுவதானால், பட்டையின் முகப்பிலிருந்து சதுரத் துளையின் நடுவரை உள்ள தூரத்தையும் பட்டையின் மொத்த நீளத்தையும் மி.மீ. கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கைப்பிடி ஏன் போனது? திறந்த நிலையில் சுலபமாகத் திரும்பி, மூடும்போது மட்டும் பலம் கேட்டிருந்தால், கதவு இறங்கி, லாக் பட்டையில் உள்ள உருளைகள் நிலையில் உள்ள எதிர்க் கொக்கியில் முட்டியிருக்கின்றன. அந்த முட்டலைக் கையால் அழுத்தி அழுத்தித்தான் கைப்பிடி தேய்ந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் மாட்டும் புதுக் கைப்பிடியும் அதே வழியில் போகும். எதிர்க் கொக்கியைச் சற்று நகர்த்துங்கள். கதவைத் தாங்கும் மடக்குக் கை வளைந்திருந்தால் மேலும் கீழும் ஜோடியாக மாற்றுங்கள். பக்கவாட்டில் திறக்கும் ஜன்னலுக்கும் மேலே தூக்கும் ஜன்னலுக்கும் மடக்குக் கை வேறு வேறு. அதைக் கழற்றும்போது கதவின் முழு எடையும் கைக்கு வரும். மாடி வீடென்றால் இருவர் இல்லாமல் தொடாதீர்கள்.

கியருக்கும் உருளைக்கும் சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்கலாம். மடக்குக் கையின் உரசும் பட்டையில் மட்டும் படக்கூடாது, பட்டால் ஜன்னல் திறந்த இடத்தில் நிற்காமல் காற்றில் அடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் எங்குமே வேண்டாம், தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும்.

கேள்வி: அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலில் லாக் மாட்டவில்லை. தள்ளவும் கஷ்டமாக இருக்கிறது.
– வாசகி, மதுரை

பதில்: இரண்டும் ஒரே பழுது. அடியில் உள்ள சக்கரம் தேய்ந்து கதவு இறங்கியிருக்கிறது. முதலில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தடத்தைச் சுத்தம் செய்யுங்கள். வெளிப்பக்கம் தண்ணீர் வடியும் சிறு துளைகளையும் குத்தி விடுங்கள். கதவின் பக்கச் சட்டத்தில், அடி ஓரமாக, ஒரு துளைக்குள் திருகாணி தெரியும். அதை அரைச் சுற்று திருப்பினால் கதவு ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். இரு பக்கமும் சமமாக ஏற்றுங்கள். லாக்கின் எதிர்ப்பகுதியை நகர்த்துவது அதற்குப் பிறகுதான்.

சக்கரமே உடைந்திருந்தால், இருவர் சேர்ந்து கதவை மேலே தூக்கி, அடிப்பக்கத்தை உள்ளே இழுத்தால் தடத்திலிருந்து வெளிவரும். மேலே தடுப்புக் கட்டை இருந்தால் அதை முதலில் கழற்றுங்கள். சக்கரத்தை மாதிரி காட்டி, இரண்டாகவே வாங்குங்கள்.

கேள்வி: திருகாணியின் தலை மழுங்கிவிட்டது, பெயின்ட் வேறு. எப்படிக் கழற்றுவது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தலைப் பள்ளத்தில் உள்ள பெயின்டை ஊசியால் சுரண்டுங்கள். சூடான சால்டரிங் அயர்னைத் தலைமேல் ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். சூட்டில் விரிந்து சுருங்கும்போது துருவின் பிடி விடும். பிறகு ஸ்க்ரூடிரைவரை நிறுத்தி இரண்டு தட்டுத் தட்டி, முதலில் சற்று இறுக்கும் திசையில் அசைத்துவிட்டுக் கழற்றுங்கள். அதற்கும் வராவிட்டால், திருகாணித் தண்டைவிடச் சற்றுப் பெரிய பிட்டால் தலையை மட்டும் துளைத்து எடுத்துவிடலாம். தாழ்ப்பாள் கையோடு வந்துவிடும், மிச்சத் தண்டைப் பிளையரால் பிடித்துச் சுற்றுங்கள்.

கேள்வி: பாட்டனார் கட்டிய வீடு. ஜன்னல்களில் கனமான பித்தளைக் கைப்பிடிகள், சில ஆடுகின்றன. புதிதாக மாற்றிவிடலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: தயவுசெய்து மாற்றாதீர்கள். வார்ப்புப் பித்தளையின் கனம் இன்று கடையில் கிடைக்கும் தகட்டுக் கைப்பிடிகளில் இல்லை. ஆட்டத்துக்குக் காரணம் மேலே சொன்ன அதே அகன்ற துளைதான். குச்சி அடித்துப் புதுத் திருகாணி போட்டால் உறுதியாகிவிடும். கழற்றும்போது எந்த ஜன்னலுடையது என்று ஒவ்வொன்றிலும் எண் ஒட்டுங்கள். கையால் செய்த காலத்துப் பொருள்களில் துளைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. களிம்பைப் புளியும் உப்பும் தேய்த்துப் போக்கலாம். ஆனால் கழற்றி வைத்துத்தான் தேய்க்க வேண்டும், நிறையத் தண்ணீரில் கழுவி உடனே துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். புளி மிச்சம் தங்கினால் இரண்டே நாளில் முன்பைவிட மோசமாகக் கறுக்கும்.