விரல் போகும் வழி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் மனித–கணினி ஊடாட்டத் துறை ஆய்வாளர் ஷுமின் ஜாய் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளில் நான்கிற்கு இங்கே பதில் தருகிறேன்.

கைப்பேசியில் விரலை எடுக்காமல், எழுத்துக்கு எழுத்து இழுத்துக்கொண்டே போய் ஒரு முழுச் சொல்லையும் என் பேத்தி எழுதிவிடுகிறாள். இதைக் கண்டுபிடித்தவர் அவர்தானா?
— வாசகி, கும்பகோணம்

அவர் ஒருவர் மட்டும் அல்லர். கலிஃபோர்னியாவில் ஐபிஎம் நிறுவனத்தின் அல்மடேன் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜாய், ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் பயின்ற பெர் ஓலா கிறிஸ்டென்சனுடன் சேர்ந்து, இம்முறை பற்றிய முதல் கட்டுரையை 2003-லும், ஷார்க்-2 என்ற விரிந்த அமைப்பை 2004-லும் வெளியிட்டார். அதுவே ஷேப்ரைட்டர் என்ற பெயரில் 2008-ல் ஐஃபோனுக்கு வந்தது. பழைய கைப்பேசிகளில் எண் விசைகளைக் கொண்டே சொற்களை எழுத உதவிய டி-9 முறையை உருவாக்கியவர்களுள் ஒருவரான கிளிஃப் குஷ்லர் இதே வழியில் ஸ்வைப் என்ற விசைப்பலகையைக் கொண்டுவந்தார். மக்கள் வாயில் நிலைத்தது அந்தப் பெயர்தான். ஆண்ட்ராய்டில் இவ்வசதி 2012-லும், ஆப்பிளின் சொந்த விசைப்பலகையில் 2019-லும் இடம்பெற்றது.

உங்கள் பேத்தியின் விரல் எந்தெந்த எழுத்தைத் தொட்டது என்று கணினி ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. அகராதியிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும், அதன் எழுத்துகளை வரிசையாக இணைத்தால் கிடைக்கும் ஒரு கோட்டுருவம் விசைப்பலகையின்மேல் உண்டு. விரல் வரைந்த கோடு அவற்றுள் எதை மிக நெருங்குகிறது என்பதை, வடிவத்தையும் அது அமைந்த இடத்தையும் சேர்த்து எடைபோட்டுக் கணினி முடிவு செய்கிறது. இதனால் இரண்டு எழுத்துகளைத் தவறவிட்டாலும் சொல் சரியாக வந்துவிடும். சிக்கல் இல்லாமல் இல்லை: ஆங்கிலத்தில் பிட் (pit), பாட் (pot), புட் (put) ஆகிய மூன்று சொற்களின் எழுத்துகளும் மேல் வரிசையிலேயே இருப்பதால் மூன்றும் ஒரே நேர்கோடுதான். அங்கே முன்னால் வந்த சொற்களைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் இம்முறையின் உண்மையான சாமர்த்தியம் வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. ஷார்க் என்ற பெயருக்குள்ளேயே சுருக்கெழுத்து என்ற சொல் ஒளிந்திருக்கிறது. தட்டச்சுப் பயிலகங்களில் பிட்மன் சுருக்கெழுத்துப் படித்தவர்களுக்குத் தெரியும், முதல் வாக்கியத்தை எழுதுவதற்கே மாதக்கணக்கில் கோடு போட்டுப் பழக வேண்டும். இங்கோ, ஒன்றும் படிக்காதவரும் முதல் நாளே எழுத்துகளைக் கண்ணால் தேடித்தேடி இழுத்து எழுதிவிடலாம். அடிக்கடி எழுதும் சொற்களின் வடிவம் நாளடைவில் கைக்குப் பழகிப்போய், தேடல் குறைந்து, நினைவிலிருந்தே கோடு வரத் தொடங்குகிறது. கற்பவரின் வழியும் தேர்ந்தவரின் வழியும் ஒன்றாகவே இருப்பதால், ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றுக்குத் தாவும் சிரமம் யாருக்கும் நேர்வதில்லை.

மவுஸையும் விசைப்பலகையையும் வைத்துக்கொண்டு ஒரு கணினி அறிவியலாளர் வாழ்நாள் முழுதும் ஆராய என்ன இருக்கிறது?
— பொறியியல் மாணவர், கோவை

ஜாயின் பாதையையே பாருங்கள். 1961-ல் சீனாவின் ஹார்பின் நகரில் பிறந்த அவர், சியான் நகரில் மின்பொறியியலும் கணினி அறிவியலும் படித்து, அங்கேயே சில ஆண்டுகள் கற்பித்துவிட்டுக் கனடா சென்றார். டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் 1995-ல் அவர் முனைவர் பட்டம் பெற்றது மனிதக் காரணிகள் பொறியியலில். முப்பரிமாண வெளியில் ஒரு பொருளை நகர்த்தவும் திருப்பவும் உதவும் கருவிகளில் எது மனிதக் கைக்கு ஏற்றது என்பதே ஆய்வின் பொருள். அக்காலத்தில் அவரும் உடனாய்வாளர்களும் செய்த ஒரு சோதனையில், கையுறை போல மாட்டிக்கொண்டு மணிக்கட்டாலும் முழங்கையாலும் இயக்கும் கருவியைவிட, விரல்களுக்கிடையே உருட்டக்கூடிய சிறு பந்து நன்றாக வேலை செய்தது. தசைகளுள்ளும் விரலுக்குத் தனித் திறமை உண்டு என்பது நம் வீணைக் கலைஞர்களுக்குப் புதிய செய்தி இல்லைதான். அதை அளந்து காட்டியதே ஆய்வு.

இத்துறையின் அடிப்படைச் சூத்திரம் 1954-ல் அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் தந்தது. ஓர் இலக்கைக் கை சென்றடையும் நேரம், அதன் தொலைவுக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையைப் பொறுத்துக் கூடும் என்கிறது அது. எனவே தொலைவு இரு மடங்கானால் நேரம் இரு மடங்காகிவிடாது. ஆனால் ஃபிட்ஸ் விதிக்குப் புறப்பட்ட இடமும் சேரும் இடமும்தான் கணக்கு. நடுவில் கை போன வழி எப்படியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஜானி அக்கோ என்ற ஆய்வாளருடன் சேர்ந்து ஜாய் 1997-ல் வெளியிட்ட விதி அந்த வழியைப் பற்றியது. இரு பக்கமும் எல்லையிட்ட ஒரு பாதையைத் தாண்டாமல் கடக்க ஆகும் நேரம், பாதையின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்கேற்பக் கூடும். அகலம் பாதியானால் நேரம் ஏறத்தாழ இரு மடங்கு. அகலச் சாலையில் பறந்துவந்த மிதிவண்டி வரப்பில் ஏறியதும் தயங்குகிறதே, அந்தத் தயக்கத்தின் கணக்கு இது. மெனுவுக்குள் மெனு திறக்கும்போது, ஒல்லியான ஒரு வரியை விட்டு விலகாமல் மவுஸை நகர்த்தத் திணறுகிறோமே, அதற்கும் இதுவே விளக்கம்.

1996 முதல் 2011 வரை ஐபிஎம்மிலும், பிறகு கூகுளிலும் அவர் பணி தொடர்ந்தது. எழுத்தாணியின் கூர்முனைக்குப் பதிலாகத் தடித்த விரல் நுனி திரையைத் தொடும் காலம் வந்தபின், விரலுக்கே உரிய துல்லியக் குறைவையும் சேர்த்து ஃபிட்ஸ் விதியைத் திருத்தும் கட்டுரையை 2013-ல் உடனாய்வாளர்களோடு எழுதினார்.

கண்ணால் பார்த்தாலே கணினி இயங்கும் என்கிறார்களே, பிறகு கை எதற்கு?
— வாசகர், திருநெல்வேலி

கண் பார்ப்பதற்கு ஏற்பட்டது. ஒரு நொடிகூட அசையாமல் இருக்காது. பார்த்ததெல்லாம் கட்டளையானால், பார்க்கவே அஞ்சும் நிலை வரும். ஜாயும் இரு ஆய்வாளர்களும் 1999-ல் முன்வைத்த முறையில், பார்வை போன இடத்தின் அருகே சுட்டியைக் கொண்டு சேர்ப்பது மட்டுமே கணினியின் வேலை. மிச்சமுள்ள சிறு தொலைவைக் கடந்து சொடுக்குவது கையின் பொறுப்பு.

தமிழ்99 அமைப்பில் பத்து விரல்களால் வேகமாக அடிப்பேன். கைப்பேசியில் அதே அமைப்பில் ஒரு விரலால் எழுதும்போது தடுமாறுகிறேன். வயதுதான் காரணமா?
— ஓய்வுபெற்ற தட்டச்சுப் பயிற்றுநர், மதுரை

வயதின்மேல் பழி போடாதீர்கள் ஐயா. தமிழ்99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கமும் உள்ளன. ‘போதும்’ என்று அடிக்கும்போது ப, ஓ, த, உ, ம, புள்ளி என்ற ஆறு விசைகளும் வலம், இடம் என்று மாறிமாறி வருகின்றன. இரு கைகளுக்கு இது வரம்: ஒரு கை அடிக்கும் நேரத்தில் மற்றது தயாராகிவிடும். ஒற்றை விரலுக்கோ, ஒரே சொல்லில் திரையை ஐந்து முறை குறுக்கே கடக்க வேண்டிய அலைச்சல்.

ஆங்கிலத்தின் வழக்கமான விசை அமைப்பான க்வெர்ட்டியிலும் இதே குறையைக் கண்டுதான், 2000-ல் ஜாயும் உடனாய்வாளர்களும் தற்செயலாக இடம் மாற்றி மாற்றிப் பார்த்து நல்ல அமைப்பைத் தேடும் மெட்ரோபொலிஸ் கணிப்பு முறையை இயற்பியலிலிருந்து எடுத்தாண்டு, அடுத்தடுத்து வரும் எழுத்துகள் பக்கத்தில் அமையும் புதிய விசைப்பலகைகளை வடிவமைத்தார்கள். எழுதும் வேகத்தைக் கூட்டக்கூடிய அமைப்புகள்தாம் அவை. ஆனால் பழகிய அமைப்பை விட்டு வர மக்கள் மனம் கொள்ளவில்லை. இழுத்தெழுதும் முறையும் முடிவில் க்வெர்ட்டியின்மேலேறித்தான் பரவியது.

தமிழில் இழுத்தெழுதுவதற்கு இன்னொரு தடையும் உண்டு. அம்முறை அகராதியை நம்பி வாழ்வது. நம் மொழியிலோ ‘வீடு’ என்ற ஒரு சொல் வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டிலிருந்துதானே என்று நீண்டுகொண்டே போகும். இவற்றையெல்லாம் தனித்தனிச் சொற்களாகப் பட்டியலிட்டு மாளாது. வேரையும் விகுதிகளையும் பிரித்தறியும் கணிப்பு முறை வேண்டும். அதுவரை, நீங்கள் கைப்பேசியை மேசைமேல் கிடத்தி இரு கைகளின் விரல்களாலும் அடித்துப் பாருங்கள். பழைய வேகத்தில் பாதியாவது திரும்பக் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.