சிவப்புப் பொத்தான்

வணக்கம் ஐயா,

போன மாதம் எங்கள் வீட்டு மிக்ஸி துவையல் அரைக்கும்போது பாதியில் நின்றுவிட்டது. லேசாகக் கருகிய வாடை. "சூடு ஆறட்டும்ப்பா, அப்புறம் பாக்கலாம்" என்றாள் அம்மா. நான் காதில் வாங்கவில்லை. மோட்டார் போய்விட்டது என்று நானே முடிவுகட்டி, அன்று மாலையே 4,500 ரூபாய்க்குப் புதிது வாங்கிவந்தேன். ஒரு வாரம் கழித்துப் பழையதை எடைக்குப் போடப் போனபோது, பழைய சாமான் வாங்குபவர் அதைக் கவிழ்த்து, அடியில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, பிளக்கைச் சொருகச் சொன்னார். ஓடியது! மிக்ஸியைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். நான் இன்ஜினியரிங் படித்தவன். பணம் போனதுகூடப் பரவாயில்லை, இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வீட்டில் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அவர் அதை வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறார். கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த ஒரு வரியைத்தான்.

அந்தப் பொத்தான் ஓவர்லோட் சுவிட்ச். தேங்காயும் பருப்பும் இறுகிப் பிளேடைப் பிடித்துக்கொண்டால் மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் கருகிவிடாமல் இருக்க இந்த சுவிட்ச் இணைப்பைத் துண்டித்துவிடும். சூடு ஆறவிட்டு, ஜாரில் இருப்பதைக் கொஞ்சம் குறைத்து, பொத்தானை அழுத்தினால் போதும். இதில் பாதியை அம்மா சொல்லிவிட்டார். சுவிட்சின் பெயர் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் வருடக்கணக்காக அரைத்த கைக்குச் சூடு தெரியும். உங்களுக்கோ கையில் ஒரு விளக்கம் தயாராக இருந்தது: கருகிய வாடை, ஆகவே மோட்டார் போச்சு. படித்தவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. காரணம் கிடைத்துவிட்டது என்று தோன்றிய பிறகு, தொட்டுப் பார்க்கக் கை போவதில்லை.

எங்கள் வீட்டில் வாஷிங் மெஷின். தண்ணீர் நிரம்பவே அரை மணி நேரம் ஆனது. பழுது பார்க்க வந்தவர் வால்வை மாற்ற வேண்டும் என்றார். வீட்டு வேலையில் உதவும் அக்கா, "மேல தொட்டி கழுவுனதுலேர்ந்துதான் இப்படி" என்றார். டியூபைக் கழற்றிப் பார்த்தால், மெஷினுக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் சின்ன வலை முழுக்க மண். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தோம், சரியாகிவிட்டது.

மிக்ஸிக்கும் வாஷிங் மெஷினுக்கும் மட்டும் என்றால் இவ்வளவு தூரம் எழுத மாட்டேன். 1971இல், வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தில், எல்லையை ஒட்டிய பன்காவ் ஊர் மருத்துவமனையில் கட்டில் போதாமல் நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். காலராவுக்கு டிரிப்ஸ்தான் வைத்தியம் என்று இருந்த காலம். அதுவோ தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே பணியாற்றிய டாக்டர் திலீப் மகலனாபிஸ், குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் அளவாகக் கலந்து, தண்ணீரில் கரைத்து வாய்வழியாகக் கொடுக்க முடிவெடுத்தார். நர்ஸுகள் போதவில்லை. நோயாளியின் அம்மாவோ அண்ணனோ பக்கத்தில் உட்கார்ந்து டம்ளர் டம்ளராகப் புகட்டினார்கள். 30 சதவீதத்தை ஒட்டி இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. ஆனாலும் மற்ற மருத்துவர்கள் இதை நம்பச் சில வருடங்கள் பிடித்தன. வீட்டு ஆட்கள் கையால் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தால் காலரா அடங்கும் என்பதை ஏற்க மனம் வரவில்லை. இன்று மெடிக்கல் ஷாப்பில் நாம் கேட்டு வாங்கும் ஓஆர்எஸ் பொட்டலம் அந்த வழியில் வந்ததுதான்.

இதை அதிர்ஷ்டவசமாகப் பலித்த பாட்டி வைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். காலராவில் வெறும் உப்புத் தண்ணீரைக் குடல் சரியாக உறிஞ்சாது. குளுக்கோஸ் சேர்ந்தால் அதோடு சோடியம் உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். 1960களின் ஆராய்ச்சியில் இது தெளிவாகியிருந்தது. செய்வதற்கு எளிது, அவ்வளவுதான். அதற்குப் பின்னால் இருந்த உழைப்பு எளிதல்ல. மயங்கிக் கிடந்தவர்களுக்கு, குடிக்கவே முடியாதவர்களுக்கு, அப்போதும் டிரிப்ஸ்தான் ஏற்றினார்கள். அந்த எல்லையையும் மறக்கக் கூடாது. நெஞ்சு வலிக்கும்போது வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துவிட்டுக் காத்திருப்பதை நான் எளிய வழி என்று சொல்லவே மாட்டேன். சமையலறையில் கேஸ் வாடை அடிக்கும்போது அடுப்பைப் பற்றவைத்துப் பார்ப்பதும் அப்படித்தான். செய்து பார்த்துப் பலிக்காவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது என்றால் மட்டும் முதலில் அதைச் செய்யலாம். உங்கள் மிக்ஸியை அரை மணி நேரம் சும்மா வைத்திருந்தால் துவையல் கொஞ்சம் தாமதமாகியிருக்கும், வேறென்ன?

வங்கதேசத்தின் மத்லாப் பகுதிக் கிராமங்களில் நடந்த இன்னொரு முயற்சியும் நினைவுக்கு வருகிறது. பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்துத் தண்ணீரை வடிகட்டச் சொன்னார்கள். காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2003இல் ஆய்வு வெளிவந்தது. காலராக் கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய நீர்ப்பூச்சிகள் துணியில் தங்கிவிடும். துவைத்துத் துவைத்து நைந்த சேலைதான் புதுச் சேலையைவிட நன்றாக வடிகட்டுமாம், நூல் தளர்ந்து இடைவெளி குறுகிவிடுவதால். குடத்து வாயில் வேட்டித் துணி கட்டித் தண்ணீர் பிடித்த வீடுகள் நம் பக்கமும் உண்டு, உங்கள் அம்மா பார்த்திருப்பார்.

சரி, பழைய மிக்ஸிக்கு வருவோம். அதை எடைக்குப் போட வேண்டாம். மறுபடி நின்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஜாரைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் கப்ளரைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் கோளாறு ஜாரின் புஷ்ஷில், அதாவது பிளேடின் தண்டைத் தாங்கும் வளையத்தில், அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். லேசாகச் சுற்றினால், சூடு ஆறவிட்டுப் பொத்தானை அழுத்தி, ஜார் இல்லாமல் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். அப்போதும் சுவிட்ச் விழுந்தால் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோங்கள். அதற்கு முன்னால், கடைசியாக அதில் என்ன அரைத்தது, எவ்வளவு நேரம் ஓடியது என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரர் அதைத்தான் முதலில் கேட்பார்.