முதலீட்டுக் கேள்வி – பதில்: மொசாம்பிக்கில் பணம் போடலாமா?

கேள்வி: மொசாம்பிக் எரிவாயுவில் இந்திய நிறுவனங்களுக்குப் பங்கு உண்டாமே. அதை நம்பி ஓ.என்.ஜி.சி. பங்கு வாங்கலாமா? (மதுரை வாசகர்)

பங்கு உண்டு. வடகோடியில் கபோ டெல்காடோ கடற்பகுதியில் டோட்டல் எனர்ஜிஸ் நடத்தும் திட்டத்தில் ஓ.என்.ஜி.சி.யின் வெளிநாட்டுப் பிரிவான ஓ.என்.ஜி.சி. விதேஷ் 16, பாரத் பெட்ரோ ரிசோர்சஸ் 10, ஆயில் இந்தியா 4 என்று மொத்தம் 30 சதவீதம் நம் பொதுத்துறையிடம் இருக்கிறது. 2019-ல் முதலீட்டு முடிவு எடுத்தார்கள். 2021 மார்ச்சில் பால்மா நகரத்தைத் தீவிரவாதிகள் தாக்க, அடுத்த மாதமே வேலை நின்றது. அந்த முடக்கத்தை விலக்கியது 2025 நவம்பரில்தான். இதற்காக மட்டும் பங்கு வாங்காதீர்கள், ஓ.என்.ஜி.சி.யின் லாபம் இன்றும் உள்நாட்டுக் கிணறுகளிலிருந்துதான் வருகிறது.

அங்கே பணம் போடுகிறவர் சுரங்கத்துக்கு முன் போக்குவரத்தைப் பார்க்க வேண்டும். ரியோ டின்டோ எனும் பன்னாட்டுச் சுரங்க நிறுவனம் 2011-ல் சுமார் 370 கோடி டாலருக்கு வாங்கிய நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கங்களை 2014-ல் நம் பொதுத்துறைக் கூட்டு நிறுவனமான ஐ.சி.வி.எல். வெறும் 5 கோடி டாலருக்கு எடுத்தது. நிலக்கரி நினைத்த அளவு இல்லை. இருந்ததையும் ஜாம்பேசி ஆற்றில் படகேற்றிக் கடலுக்குக் கொண்டுபோக அரசு அனுமதிக்கவில்லை.

கேள்வி: பண்ருட்டியில் முந்திரி ஆலை நடத்துகிறேன். தரகர் மூலம் மொசாம்பிக் கொட்டை வாங்குகிறேன். அங்கே முந்திரி விளையும் வடக்கு மாகாணமான நம்புலாவிலேயே ஆலை போட்டால் என்ன? (பண்ருட்டி வாசகர்)

ஆலை வேண்டாம், முதலில் கொள்முதல் கிடங்கு போடுங்கள். உடைத்த பருப்பை இந்தியாவுக்குள் கொண்டுவர 2019-ல் குறைந்தபட்ச விலை நிர்ணயித்தார்கள்: கிலோவுக்குக் குருணை 680 ரூபாய், முழுப்பருப்பு 720 ரூபாய். அதற்குக் கீழே இறக்குமதிக்குத் தடை. ஆகவே நம்புலாவில் உடைக்கும் பருப்புக்கு ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ வாங்குபவர் கைவசம் இருக்க வேண்டும்.

கொட்டையாகவே ஏற்றினால் அவர்கள் ஏற்றுமதி வரி போடுவார்கள். 1990-களில் உலக வங்கி சொல்லி அந்த வரியைக் குறைத்தார்கள். கொட்டை இந்தியாவுக்கு வந்தது, அங்கே ஆலைகள் மூடி ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அந்தக் காயம் ஆறவில்லை. 1999-ல் மீண்டும் 18 முதல் 22 சதவீதம் வரை வரி விதிக்கச் சட்டம் வந்தது. வரி போய்விடும் என்று கணக்குப் போடாதீர்கள். உள்ளூர் ஆலைகளுக்கு முதல் வாய்ப்பு தரும் வழக்கமும் உண்டு; உங்களுக்கு ஏற்றுமதி அனுமதி வருவதற்குள் மழை பிடித்துக்கொள்ளும்.

நஷ்டம் பெரும்பாலும் ஈரத்தில்தான். வாங்கும் இடத்திலேயே ஈரமானியால் பாருங்கள். 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தொடாதீர்கள், அல்லது வெயிலில் காயவைத்த பிறகு எடை போடுங்கள். ஈரக்கொட்டையைக் கன்டெய்னரில் அடைத்தால் கூரை வியர்த்து மேல்சாக்குகளில் சொட்டும், தூத்துக்குடியில் திறக்கும்போது பூசணம் பூத்திருக்கும். தரையிலும் சுவரிலும் தடித்த காகிதம் விரித்து, ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுங்கள்.

கொட்டையை வெட்டிப் பருப்பின் தரம் பார்க்கும் கட்டிங் டெஸ்டைத் தரகரிடம் விடாதீர்கள். சாக்குகளின் மேலும் நடுவிலும் அடியிலும் குத்தூசி போட்டு எடுத்துக் கலந்து, ஒரு கிலோ வெட்டுங்கள். தோலோடு நல்ல பருப்பின் எடை, அதனுடன் சுருங்கியதும் புள்ளி விழுந்ததுமான பருப்பின் எடையில் பாதி, இரண்டையும் கிராமில் கூட்டி 0.176-ஆல் பெருக்கினால் 80 கிலோ மூட்டைக்கு எத்தனை ராத்தல் (பவுண்டு) பருப்பு என்று வரும். 265 கிராம் என்றால் ஏறக்குறைய 46.6. ஒப்பந்தத்தில் இந்த எண்ணையும், அது குறைந்தால் எவ்வளவு பிடித்தம் என்பதையும் எழுதுங்கள். சோதனை ஏற்றும் இடத்திலா, தூத்துக்குடியிலா என்பதும் இருக்கட்டும். வழக்கு வருவது இந்த விஷயத்தில்தான்.

துறைமுகம் நக்காலாவாக இருக்கட்டும். இயற்கையான ஆழம், நம்புலாவிலிருந்து பக்கம். நடுப்பகுதியில் உள்ள பெய்ரா துறைமுகம் மண் தூர்ந்துகொண்டே இருக்கும்; 2019-ல் இடாய் புயல் அந்த ஊரையே புரட்டிப் போட்டது.

அங்கே நிறுவனம் பதிவு செய்து உங்கள் பெயரில் பங்கு வாங்கினால், பணம் அனுப்பும் முன் வங்கியில் வெளிநாட்டு முதலீட்டுக்கான எஃப்.சி. படிவம் கொடுத்துத் தனி அடையாள எண் வாங்க வேண்டும். தனிநபருக்கு நிதியாண்டில் 2,50,000 டாலர்தான் உச்சம். பங்குச் சான்றை 6 மாதத்துக்குள் வங்கியில் கொடுங்கள். எண் வாங்காமல் "வியாபாரச் செலவு" என்று அனுப்பிய பணத்தைப் பிறகு முதலீடாகக் காட்டுவது பெரும்பாடு.

கேள்வி: அங்கே 200 ஏக்கர் மலிவாகக் கிரயத்துக்கு வருவதாக நண்பர் சொல்கிறார். (திருச்சி வாசகர்)

கிரயம் என்று சொன்னதுமே சந்தேகப்படுங்கள். அந்த நாட்டில் நிலம் முழுவதும் அரசுடையது. விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. கிடைப்பது 'டுவாட்' எனும் பயன்பாட்டு உரிமை மட்டும், அதிகபட்சம் 50 ஆண்டு, ஒரு முறை புதுப்பிக்கலாம். அதற்கும் ஊர் மக்களைக் கூட்டிக் கலந்து பேசிய பதிவு வேண்டும். வெளிநாட்டவருக்கு முதலில் 2 ஆண்டு தற்காலிக அனுமதிதான். திட்டத்தில் சொன்ன வேலையை அதற்குள் செய்யாவிட்டால் ரத்தாகும். நண்பரிடம் டுவாட் நகலையும் அந்தக் கூட்டப் பதிவையும் கேளுங்கள். இரண்டும் கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.