கூடுவாஞ்சேரியில் வாடகை பாதிதான், போகலாமா?

கேள்வி: சைதாப்பேட்டையில் ஒரு படுக்கையறை வீட்டில் 18,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறோம். ஜூனிலிருந்து 21,000 வேண்டும் என்கிறார் ஹவுஸ் ஓனர். தாம்பரத்தைத் தாண்டி, செங்கல்பட்டு ரயில் பாதையில் இருக்கிற கூடுவாஞ்சேரியில், ஸ்டேஷனிலிருந்து நெல்லிக்குப்பம் சாலையில் 3 கிலோமீட்டர் உள்ளே, இரண்டு படுக்கையறை வீடு 11,000-க்கு வருகிறது. கணவருக்குப் பாரிமுனையில் வேலை. எனக்கு நுங்கம்பாக்கத்தில் அக்கவுன்ட்ஸ் வேலை, ஒன்பதரையிலிருந்து ஆறு வரை. மகள் ஏழாம் வகுப்பு. மாமியார் எங்களோடு இருக்கிறார், முட்டிவலிக்காரர். “மாசம் பத்தாயிரம் மிச்சம், அப்படியே அங்கேயே ஒரு ஃபிளாட்டும் புக் பண்ணிடலாம்” என்கிறார் கணவர். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. போகலாமா?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: போகலாம். ஆனால் அந்த வீட்டுக்கு வேண்டாம், பரீட்சை முடியும்வரை வேண்டாம், ஃபிளாட் பேச்சு இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

நான் 11 வருடம் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து எழும்பூருக்குப் போய்வந்தவள். அதனால் தூரத்தைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த மாட்டேன். உட்கார இடம் கிடைத்துவிட்டால் ரயிலில் போகிற நேரம் ஒரு பாரமே இல்லை. லேடீஸ் பெட்டியில் நான் ஆய்ந்து முடித்த முருங்கைக்கீரைக்குக் கணக்கே கிடையாது. ஆளை அடித்துப் போடுவது ரயிலுக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிற அந்தத் துண்டுப் பயணங்கள்தான். நீங்கள் பார்த்திருக்கும் வீட்டில் அந்தத் துண்டே 3 கிலோமீட்டர். காலையில் ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பும்வரை நகராது. ஸ்கூட்டியில் போனால் ஸ்டேஷன் பார்க்கிங்கில் வண்டியைச் செருக இடம் தேட வேண்டும். மழை வந்தால் இரண்டும் சிரமம். அதே கூடுவாஞ்சேரியில் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில், வாடகை இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதலாக இருந்தாலும், சின்ன வீடாகவே இருந்தாலும், அதைப் பாருங்கள். “ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்” என்று புரோக்கர் சொன்னால், எந்த வண்டியில், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவருடைய பைக்கில்!

இன்னொன்று உங்கள் கணவருக்குத் தோன்றியிருக்காது. மாலையில் அவர் ஏறுவது கடற்கரை ஸ்டேஷனில். வண்டி புறப்படுகிற இடமே அதுதான், ஜன்னலோரம் பார்த்து உட்கார்ந்துவிடுவார். அதே வண்டி கோட்டை, பூங்கா, எழும்பூர், சேத்துப்பட்டு என்று கூட்டத்தை அள்ளிக்கொண்டு நுங்கம்பாக்கம் வரும்போது உங்களுக்குக் கிடைப்பது கைப்பிடி வளையம். தாம்பரத்தில் பாதிக் கூட்டம் இறங்கிய பிறகுதான் நீங்கள் உட்காருவீர்கள். “ஒரு மணி நேரம்தானே, தூங்கிக்கிட்டே வந்துடலாம்” என்று அவர் சொன்னால் அது பொய் இல்லை. அவருடைய பயணம் நிஜமாகவே அப்படித்தான் இருக்கும்.

அப்புறம், தாம்பரம் வண்டி மாதிரி செங்கல்பட்டு வண்டி அடுத்தடுத்து வராது. ஒன்றை விட்டால் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்பு என்று ரயில்களை ரத்து செய்வதும் வழக்கம். 2025 ஏப்ரலிலிருந்து செங்கல்பட்டு வரை ஏசி மின்சார ரயிலும் ஓடுகிறது. ஆனால் உங்கள் சாதாரண சீசன் டிக்கெட் அதில் செல்லாது. பஸ்ஸை நம்பாதீர்கள். தொடர் விடுமுறைக்கு முந்தைய மாலை ஜிஎஸ்டி ரோட்டில், அதாவது சென்னையிலிருந்து செங்கல்பட்டு பக்கம் போகிற நெடுஞ்சாலையில், பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஒரு தடவை மாட்டிக்கொண்டால் நான் ஏன் சொல்கிறேன் என்று புரியும். 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததில் ஒரு லாபம் உண்டு: பொங்கல், தீபாவளிக்குச் சொந்த ஊருக்குப் போகிற பஸ் உங்களுக்குப் பக்கம்.

அந்தப் பத்தாயிரத்துக்கு வருவோம். சீசன் டிக்கெட்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, மின்சார ரயிலைப் போல மலிவு வேறில்லை. பணம் கரைவது வேறு வழிகளில். ஆட்டோ, பார்க்கிங், கேன் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீரில் உங்கள் பங்கு, களைத்து வருகிற ராத்திரிகளில் வாங்குகிற பரோட்டா. எல்லாம் போக ஐந்தாறாயிரம் நின்றால் நல்லது. அது சின்னத் தொகை இல்லை, அதற்காகவே நான் போகலாம் என்கிறேன். ஆனால் பத்தாயிரம் என்று நினைத்து ஃபிளாட்டுக்கு ஈஎம்ஐ போட்டுவிடாதீர்கள்.

ஃபிளாட் வாங்கினால் முத்திரைத்தாளுக்கும் பதிவுக் கட்டணத்துக்குமே ஒரு பெரிய தொகை போய்விடும். ஊர் பிடிக்கவில்லை என்று விற்றால் அது திரும்பி வராது. 11 மாத அக்ரிமென்ட் போட்டு வாடகைக்கு இருங்கள். முக்கியமாக ஒரு ஐப்பசி, கார்த்திகையை அங்கே கழியுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். வாடகை வீடு பார்க்கும்போதே அக்கம்பக்கத்து வீடுகளின் காம்பவுண்டுச் சுவரைக் கவனியுங்கள், தண்ணீர் நின்ற கோடு பெயின்ட்டுக்கு அடியிலும் தெரியும். மீட்டர் பெட்டியையும் மோட்டாரையும் எல்லோரும் இடுப்புயரத்துக்கு மேல் ஏற்றி வைத்திருந்தால், அந்தத் தெரு உங்களுக்குச் சேதி சொல்கிறது. பாத்ரூம் குழாயில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு வாங்குகிற நாள் வந்தால் கட்டடத்துக்கு அரசின் திட்ட அனுமதி (சிஎம்டிஏ அல்லது டிடிசிபி), ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் பதிவு எண், வில்லங்கச் சான்றிதழ் மூன்றையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மகளைப் பற்றி: பள்ளியை மாற்றித்தான் ஆக வேண்டும். பழைய பள்ளிக்கே ரயிலில் அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முழுப்பரீட்சை முடிந்து மே மாதம் குடிபோனால் எட்டாம் வகுப்பைப் புது இடத்தில் தொடங்குவாள். ஒன்பதாம் வகுப்பில் மாற்றுவதைவிட இது நல்லது. மாமியாருக்கு வைத்தியம் பற்றிக் கவலை வேண்டாம், அடுத்த ஸ்டேஷன் பொத்தேரியிலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அவர் இழக்கப்போவது சாயந்திரம் பேச்சுத்துணைக்கு வருகிற எதிர்வீட்டு அம்மாவை. அதனால் தரைத்தளத்தில், ஆள் நடமாட்டம் உள்ள தெருவாகப் பாருங்கள்.

முடிவு எடுப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு வேலை நாள் சாயந்திரம் ஆபீஸ் முடிந்து சைதாப்பேட்டைக்குப் போகாமல், நேராகச் செங்கல்பட்டு வண்டி ஏறிக் கூடுவாஞ்சேரியில் இறங்கி அந்த வீட்டு வாசல்வரை போங்கள். கணவரையும் அன்றைக்கு நுங்கம்பாக்கம் வரச்சொல்லி உங்களோடு ஏறச் சொல்லுங்கள். கடற்கரையில் ஏறக்கூடாது!

நான் சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்தபோது என் வீட்டுக்காரரும் நானும் ஒரே வண்டியில்தான் திரும்புவோம். வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஈஸிசேரில் சாய்வார், நான் செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்பைப் பற்ற வைப்பேன். இதை நான் வாய்விட்டுச் சொல்லவே நாலு வருடம் ஆனது. சொன்ன பிறகு காலை டிபன் அவர் பொறுப்பானது. முதல் மாதம் தினமும் உப்புமா. நீங்கள் நாலு வருடம் காத்திருக்க வேண்டாம். எட்டு மணி வண்டியைப் பிடிக்க வேண்டுமென்றால் அந்த வீட்டில் யாராவது ஐந்து மணிக்கு எழுந்தாக வேண்டும். அலாரம் யார் போனில் அடிக்கப் போகிறது என்று இன்று ராத்திரியே கேட்டுவிடுங்கள்.